டேராடூன் படைத்தலைவர் கல்லூரி

கல்லூரி என்னுஞ் சொல் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியிலேயே அஃது ஆளப்பெற்றிருக்கிறது. அச்சொல்லைக் கேட்டவளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? நூல்நிலையமும், விரிவுரை மண்டபமும், பரீட்சைக் காலத்தில் விடியுமட்டும் எரியும் விடுதி விளக்குகளுமே யன்றோ? ஆயின், நூலோடு துப்பாக்கியும், விரிவுரையோடு கவாத்தும் பயிற்றி, நம்மொத்த வயதினனான ஓர் இளைஞனை ஒன்றிரண்டு வருஷங்களுக்குள் முப்பது பேர் உயிருக்குப் பொறுப்பாளியாக்கி அனுப்புங் கல்லூரியும் நம் நாட்டில் உண்டு. இமயமலை அடிவாரத்தில், டேராடூன் நகரத்தை யடுத்து விளங்கும் இந்திய இராணுவக் கல்லூரியே அது. அதன் தோற்றத்தையும் வாழ்வையும் ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

இப்பொருளில் எனக்கு விருப்பம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் விடுதியில் மூத்த மாணாக்கர் ஒருவர், படையில் அதிகாரியாகும் வேட்கையோடு சென்ற வருஷம் பெங்களூருக்குத் தேர்வுக்குச் சென்றார். ஐந்தாம் நாள் தேறாமல் திரும்பினார். வந்த அன்றிரவு அவருடைய அறையில் கூடிய எங்களுக்கு அவர் கூறிய செய்திகள் வியப்பாயிருந்தன. அங்கே பெயர் இல்லை, மார்பிலே எண் எழுதிய துணி கட்டிவிடுகின்றனர், அவ்வெண்ணே பெயர். முதல் நாளிலேயே பெரும்பாலாரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். எஞ்சினவர்க்கு மங்கலான படமொன்றைச் சில விநாடிகள் காட்டி, அதனைக் கண்டு தோன்றிய கதையை எழுதச் சொல்லுகின்றனர். ஒரு முறை படமே யில்லாத வெற்றுத் தாளைக் காட்டுகின்றனர். பின்னர் எட்டுப் பத்துப் பேரை ஒரு குழுவாக்கி, ஒரு பலகையையும் கயிற்றையும் பீப்பாயையுங் கொடுத்து, தரையில் கால்படாமல் ஒரு தடையைக் கடக்கச் சொல்லி, வாய்பேசாது நின்று பார்க்கின்றனர். தலைவன் இன்னானென்று எவரும் நியமிப்பதில்லை. எவன் தானே முன்வருகிறான், எவன் பிறர் சொல்லுக்குச் செவிசாய்க்கிறான், எவன் கடைசியில் நிற்பவனுக்குக் கைகொடுக்கிறான் என்பதே அவர்கள் பார்ப்பது. இம்முறை இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் வகுக்கப்பட்டு, அந்நாளிலேயே இந்தியாவிலும் புகுத்தப்பட்டதாம்.

"அண்ணே, தேறாததற்குக் காரணம் சொன்னார்களா?" என்று கேட்டேன்.

"காரணம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை, தம்பி. ஆனால் எனக்கே தெரிந்தது. நான் பலகையைத் தாண்டி அக்கரை சேர்ந்தபின் திரும்பிப் பார்க்கவில்லை" என்றார் அவர்.

அவ்வொரு சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. அதன் பின்னரே இக்கல்லூரியைப்பற்றிக் கிடைத்தவற்றை யெல்லாம் தேடிப் படிக்கலானேன். நிற்க.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியச் சேனை உலகத்துப் பெருஞ்சேனைகளுள் ஒன்றாயிருந்தது. ஆனால் அதன் போர்ப்படைகளில் சேர்ந்த இந்தியன் ஏறக்கூடிய ஏணிக்கு ஓரெல்லை யிருந்தது. காலாட்படையிற் சுபேதார் மேஜர், குதிரைப்படையில் ரிசல்தார் மேஜர் என்பவையே அவ்வேணியின் உச்சிப்படிகள். அப்பதவி வைஸ்ராய் அளிக்குங் கமிஷனாற் பெறுவது. ஆங்கிலேய அதிகாரியோ அரசர் கமிஷன் பெற்றவர். ஆகவே, இருபத்தைந்து வருஷம் உழைத்து, நரைத்த மீசையும் மார்பு நிறைந்த பதக்கங்களுமாய் நிற்கும் ஒரு சுபேதார் மேஜர், முன்னாள் கப்பலிலிருந்து இறங்கிய பத்தொன்பது வயது வெள்ளைக்காரப் பையனுக்குத் தாமே முந்திச் சலாம் செய்தல் வேண்டும். அப்பையன் இடும் ஆணைக்குக் கீழ்ப்படிதலும் வேண்டும். அப்பையனுக்கு அவர் தம் மொழியில் நாலு சொல் கற்றுக்கொடுத்து, மலைப்போரின் தந்திரங்களையும் கற்பித்து, பின்னர் அவனுக்கே அடங்கி நடப்பார். இது வழக்கமாயிருந்தமையின், பலர்க்கு இதன் கொடுமை புலப்படவுமில்லை.

கர்ஸன் பிரபு இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், சிற்றரசர் குமாரர்க்கென ஒரு சிறு பயிற்சிப்படையை ஏற்படுத்தினர். அவ்விளைஞர் அழகிய உடுப்பு அணிந்தனர்; தர்பார் ஊர்வலங்களில் குதிரைமீது பொலிந்தனர். ஆனால் உண்மையான படைத்தலைமை அவர்க்குக் கிட்டவில்லை. உடுப்பு வேறு, ஆணை வேறு என்பதை அவர் விரைவில் உணர்ந்தனர்.

முதல் உலக யுத்தம் இந்நிலையை அசைத்தது. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்று பிரான்ஸிலும் மெசபொட்டேமியாவிலும் போரிட்டனர். இனி இந்தியனுக்கு அரசர் கமிஷன் இல்லையென்று கூற எவர்க்கும் நா எழவில்லை. 1917-ஆம் வருஷம் அத்தடை நீங்கிற்று. இங்கிலாந்திலுள்ள ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுதோறும் இந்தியர்க்குப் பத்திடம் ஒதுக்கப்பட்டது. இந்தோரில் ஒரு தற்காலிகப் பள்ளியும் நடந்தது. பிற்காலத்தில் சுதந்தர இந்தியாவின் முதல் இந்தியச் சேனாதிபதியான கரியப்பா அதிற் பயின்றவரே. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுள் ஆண்டுக்குப் பத்துப் பேர்! அப்பத்துப் பேரும் குளிர்நாட்டுக்குப் போய், அயல்மொழியில், அயலுணவுண்டு, தம் நிறத்தை நோக்கி நகைக்கும் பையன்களிடையே பயிலல் வேண்டும். பெருஞ்செல்வர் மக்களன்றிப் பிறர் அதற்குச் செல்லவும் இயலவில்லை. சென்றவருட் பலர் தேறாது மீண்டனர். "பார்த்தீர்களா, இந்தியர் இதற்குத் தகுதியற்றவர்" என்று சொல்ல அதுவே போதுமானதாயிற்று.

தகுதியின்மை மாணாக்கரிடத்தா, அவரைத் தேர்ந்து பயிற்றிய முறையிடத்தா என்று ஆராய 1925-ஆம் வருஷம் ஜெனரல் ஸர் ஆன்ட்ரூ ஸ்கீன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. முகம்மதலி ஜின்னா அதில் அங்கத்தினர். மோதிலால் நேருவும் அதில் இடம்பெற்று, இடையில் விலகிக்கொண்டனர். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் இழுத்த இரு கட்சிகளின் பெயர்களும் இக்கல்லூரியின் பிறப்புப் பத்திரத்தில் ஒருங்கே காணப்படுவது கருதத்தக்கது. இந்தியாவிலேயே ஒரு ஸாண்ட்ஹர்ஸ்ட் வேண்டும், அது 1933-ஆம் வருஷத்தளவில் திறக்கப்படல் வேண்டும் என்று அக்குழு மொழிந்தது. அரசாங்கத்தார் அதனைச் சில வருஷம் அடுக்கிலே வைத்திருந்தனர். அவர்கள் தயக்கத்தின் அடிவேர், ஆங்கிலேய இளைஞன் இந்தியன் கீழ்ப் பணிபுரிய இசையான் என்னும் அச்சமே. இலண்டன் வட்டமேஜை மகாநாட்டில் இக்கேள்வி மீண்டும் எழுந்தபின்னரே வழி திறந்தது. 1931-ல் பிரதம சேனாதிபதி ஸர் பிலிப் செட்வுட் தலைமையில் ஒரு குழு கூடி, கல்லூரிக்கு வேண்டிய திட்டத்தை வகுத்தது.

டேராடூனில் இரயில்வே உத்தியோகஸ்தர் பயிற்சிக்காகக் கட்டப்பெற்ற கட்டடங்கள் அப்போது கிடைத்தன. வடக்கே முசூரி மலைகள், தெற்கே சிவாலிக் குன்றுகள், இடையே பசும்பள்ளத்தாக்கு, அருகே டோன்ஸ் என்னும் ஆறு. 1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி நாற்பது இளைஞர் அங்கு வந்து சேர்ந்தனர். பிரிகேடியர் காலின்ஸ் என்பவர் முதல் தலைவர். அந்நாற்பதின்மரிற் பதினைவர் பொதுத்தேர்வில் வென்றவர். பதினைவர் படையிற் சிப்பாய்களாயிருந்து பொறுக்கி யெடுக்கப்பட்டவர். பதின்மர் சுதேச சமஸ்தானப் படைகளைச் சார்ந்தவர். டாக்டர் மகனும், சிப்பாயும், சிற்றரசரின் உறவினனும் ஒரே வரிசையில் நின்று, ஒரே தட்டு ஏந்தி, ஒரே வசவு வாங்கினர். நம் நாட்டில் அந்நாளில் இவ்வாறு கலந்து பயின்ற கல்விச்சாலைகள் மிகச் சிலவே என்று நினைக்கின்றேன்.

டிசம்பர் மாதம் 10-ந் தேதி கல்லூரியை முறைப்படி திறந்துவைத்த செட்வுட் ஆற்றிய சொற்பொழிவு நீண்டதென்பர். ஆயினும் அதன் ஒரு பகுதியே நிலைபெற்றது. அவர் பெயரால் வழங்கும் மண்டபத்தில் அஃது இன்றும் பொறிக்கப்பட்டு, பயிலவரும் ஒவ்வொருவராலும் மனனம் செய்யப்படுகின்றது. அதன் கருத்து இது: நாட்டின் காப்பும் மானமும் நலமும் என்றும் எப்பொழுதும் முதலாவன, தன் கீழுள்ள சிப்பாய்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்தன, தன் சொந்தச் சுகமும் காப்பும் என்றும் எப்பொழுதும் கடையாவன. அடிமை நாட்டுச் சேனையின் தலைவராயிருந்த ஓர் ஆங்கிலேயர் 'நாடு' என்றபோது எந்நாட்டைக் கருதினாரோ! கேட்டுநின்ற நாற்பதின்மரும் எந்நாட்டைக் கருதினரோ! சொல் ஒன்றே, பொருள் கேட்பவர் நெஞ்சைப் பொறுத்தது. அவ்வரிசை முறையில் அவர் எந்நாட்டின் பெயரையும் குறியாது விட்டமையாலேயே, அவருடைய ஆட்சி அகன்ற பின்னும் அஃது அழிக்கப்படாமல் நிற்கிறது.

அம்முதல் வகுப்பை 'முன்னோடிகள்' என்று அழைக்கின்றனர். அவருள் மூவரைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

ஒருவர் ஸாம் மானெக்ஷா. அமிர்தசரஸில் வாழ்ந்த பார்ஸி டாக்டர் ஒருவரின் குமாரர். இலண்டன் சென்று வைத்தியம் பயில விரும்பினார், தந்தையார் உடன்படவில்லை. அக்கோபத்தில் இராணுவத் தேர்வெழுதி, பதினைவருள் ஆறாவதாகத் தேறினார். தந்தையின் மறுப்பு நாட்டுக்கு ஒரு தளபதியைத் தந்தது. 1942-ல் பர்மாவில் ஸிட்டாங் நதிக்கரையிற் குண்டுகள் வயிற்றில் பாய வீழ்ந்து உயிர் பிழைத்தவர். 1971-ல் பங்களாதேசப் போரின்போது இந்தியச் சேனையின் தலைவர். 1973-ல் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷல்.

மற்றொருவர் முகம்மது மூஸா. குவெட்டாவைச் சார்ந்த ஹஸாரா வகுப்பினர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக் பதவியிலிருந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிற்காலத்தில் பாகிஸ்தான் சேனையின் தலைவராகி, 1965-ஆம் வருஷப் போரை நடத்தினார்.

மூன்றாமவர் ஸ்மித் டன். பர்மாவிலுள்ள கரேன் மரபினர்; அக்காலத்துப் பர்மா இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்டமையின் அவரும் இங்கே பயில வந்தார். மிகக் குறுகிய உருவினர். பிற்காலத்தில் எழுதிய தம் நினைவுக்குறிப்புக்கு 'நான்கடிக் கர்னல்' என்று பொருள்படத் தாமே நகைச்சுவையாகப் பெயரிட்டனர். அக்குறுகிய உருவினரே முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறி வீரவாள் பரிசு பெற்றவர். 1948-ல் பர்மா விடுதலை யெய்தியபோது அதன் சேனைத் தலைவரானார். மறுவருஷம் கரேன் மக்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, அவர் அம்மரபினர் என்பதாற் பதவியினின்று விலக்கப்பட்டார்.

நாற்பதின்மருள் இறுதிவரை பயின்று கமிஷன் பெற்றவர் இருபத்திருவரே. அவருள் மூவர் மூன்று நாடுகளின் சேனைத் தலைவராயினர். உலகத்தில் வேறெக்கல்லூரியின் ஒரு வகுப்பும் இத்தகைய பெருமையை, அன்றித் துயரத்தை, பெற்றிருக்குமோ வென்பது ஐயமே. துயரமென்று நான் கூறியதன் காரணம் பின்னர் விளங்கும்.

அவ்வாறு கமிஷன் பெற்று வெளிவந்தவர்க்கும் சமநிலை கிட்டிற்றில்லை. அவருடைய சம்பளம் ஆங்கிலேயரினுங் குறைவு. குறிப்பிட்ட சில படைகளிலேயே அவர் அமர்த்தப்பட்டனர். முன்பு சுபேதார்கள் பார்த்துவந்த சிறுபிரிவுத் தலைமையே அவர்க்குத் தரப்பட்டது. கதவு திறந்ததே யன்றி, உள்ளே தாழ்வாரத்தில்தான் இடம். இரண்டாம் உலக யுத்தம் அந்நிலையையும் தகர்த்தது. 1939-ல் இந்திய அதிகாரிகள் ஏறத்தாழ 400 பேர். யுத்த முடிவில் 8,000 பேருக்கு மேல். டேராடூனில் இரண்டரை வருஷப் படிப்பு ஆறு மாதமாகச் சுருங்கிற்று. ஆங்கிலேய இளைஞரும் அங்கு வந்து இந்தியரோடு ஒருங்கு பயின்றனர்.

செட்வுட் கூறிய வரிசைமுறை வெறுஞ் சுவரெழுத்தா, அன்றி உண்மையா என்று ஐயுறுவார்க்குப் பிரேமீந்திர சிங் பகத் என்பவரைக் காட்டலாம். இக்கல்லூரியிற் பயின்று 1939-ல் வெளிவந்த பொறியியற்படை இளைஞர். 1941-ன் தொடக்கத்தில் அபிஸீனியாவில் நம் படை முன்னேறியபோது, பாதையெங்கும் பகைவர் வெடிக்கண்ணிகளைப் புதைத்திருந்தனர். அவற்றைக் கண்டெடுத்து அகற்றும் வேலை அவருடையது. நான்கு நாட்களில் 55 மைல் தூரத்தில் பதினைந்து கண்ணிக்களங்களை அவர் அகற்றினார். இருமுறை அவருடைய வண்டி வெடியிற் சிக்கிச் சிதைந்தது, உடனிருந்தார் மாண்டனர். ஒரு காதின் சவ்வு கிழிந்தது. வேறொருவரை அனுப்புகிறோம், இளைப்பாறுக என்று மேலதிகாரிகள் கூறியபோது, இவ்வேலை எனக்கு இப்போது நன்கு பழகிவிட்டது, புதிதாக வருபவனினும் நானே தக்கவன் என்று மறுத்துவிட்டார். விக்டோரியா சிலுவை அவர்க்குக் கிடைத்தது. பின்னர் அவரே இக்கல்லூரிக்குத் தலைவராகவும் வந்தார்.

இனி, 1947. அவ்வருஷம் நாடு இரண்டாயிற்று, சேனையும் இரண்டாயிற்று, படைகளும் பீரங்கிகளும் பாசறைச் சாமான்களும் கணக்கிட்டுப் பங்கிடப்பட்டன. கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த இளைஞரும் பங்கிடப்பட்டனர். எந்நாட்டுக்குச் செல்வது என்று ஒவ்வொருவனும் எழுதிக்கொடுத்தல் வேண்டும். அக்டோபர் மாதம் 14-ந் தேதி, பாகிஸ்தானைத் தேர்ந்த 110 மாணாக்கர் டேராடூனை விட்டுப் புறப்பட்டனர். அவர்க்காகக் காகுல் என்னுமிடத்தில் வேறொரு கல்லூரி எழுந்தது. அம்மாதம் 22-ந் தேதி காஷ்மீரத்தில் போர் மூண்டது. இடையிற் கழிந்த நாட்கள் எட்டு.

நான் விடுதியில் வாழ்பவன். ஓரறையில் மூவர் உறங்குகிறோம். ஒருவன் சோப்பை மற்றொருவன் எடுத்துக்கொள்கிறான். ஒருவன் வீட்டிலிருந்து முறுக்கு வந்தால் மூவரும் தின்கிறோம். அவ்வாறு வாழ்ந்த இருவர், ஒருவன் கீழ்த்திசையும் ஒருவன் மேற்றிசையுமாகப் பிரிந்து, ஒரே ஆசிரியர் கற்பித்த ஒரே தந்திரத்தை ஒருவர்மேலொருவர் ஏவ நேர்ந்ததென்றால், அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! மானெக்ஷா சேர்ந்து பணியாற்றி, காயம்பட்டு, பதக்கம் பெற்ற படையே பிரிவினையிற் பாகிஸ்தானுக்குப் போயிற்று. நாட்டின் நலம் முதலாவது என்று இருவர்க்குங் கற்பித்த கல்லூரி, நாடு எதுவென்று கற்பிக்கவில்லை. அதனைக் கற்பித்தல் ஒரு கல்லூரியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

இஃது அன்றோடு முடிந்த கதையுமன்று. நேசநாடுகளின் இளைஞரையும் டேராடூனிற் பயிற்றி அனுப்பும் வழக்கம் உளது. 1982-ல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்து இங்கே பயின்ற ஷேர் முகம்மது அப்பாஸ் ஸ்டானிக்ஸாய் என்பவர் பிற்காலத்தில் தாலிபான் தலைவருள் ஒருவரானார். 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் காபூல் நகரம் தாலிபான் கையில் வீழ்ந்தபோது, இந்தியப் பயிற்சிச்சாலைகளில் ஆப்கானிய இளைஞர் பலர் இருந்தனர். அவர் சேரவேண்டிய சேனை ஒரே நாளில் இல்லையாயிற்று. வீழ்த்திய பக்கத்திலும் இக்கல்லூரியின் பழைய மாணாக்கர் ஒருவர். திகைத்து நின்ற பக்கத்திலும் இக்கல்லூரி மாணாக்கர்.

சுதந்தரத்திற்குப்பின் கல்லூரியின் பெயர் பலமுறை மாறிற்று. 1960-ல் பழைய பெயரே மீண்டது. முப்படைக்கும் பொதுவான இளையோர் கல்லூரி 1949-ல் டேராடூனிலேயே தொடங்கப்பெற்று, பின்னர்ப் பூனாவுக்கருகே கடக்வாஸ்லாவுக்கு மாறி, 1955-ல் அங்கே முறைப்படி திறக்கப்பெற்றது. அக்கட்டடத்திற்கு உதவிய பொருளுள் ஒரு பகுதி, தம் நாட்டைக் காக்க மாண்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாகச் சூடான் நாட்டார் அளித்த நன்கொடை. பள்ளிப்படிப்பை முடித்துக் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம் பயின்றவர் ஒரு வருஷமும், நம்போன்ற கல்லூரிகளிற் பட்டம் பெற்றுச் செல்பவர் ஒன்றரை வருஷமும் டேராடூனிற் பயில்கின்றனர். சிப்பாய்களாயிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கும் தனிப்பிரிவு உளது. மூஸா வந்த வழி இன்னும் அடைபடவில்லை.

1962-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி கல்லூரிக்குப் புதுக்கொடி வழங்கியவர் இராஷ்டிரபதி இராதாகிருஷ்ணன். வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற தத்துவ ஆசிரியர். சீனப்போரிற் பட்ட அடி ஆறாத நாட்கள் அவை. அதிகாரிகள் போதாமையால் மறுமாதமே சென்னைப் பரங்கிமலையிலும் ஒரு பயிற்சிப்பள்ளி திறக்கப்பட்டது. குறுகிய காலப் பணிக்குச் செல்வோர் ஏறத்தாழ ஒரு வருஷம் பயிலும் அச்சாலையில் 1992 முதல் பெண்களும் பயில்கின்றனர். கடக்வாஸ்லாக் கதவு பெண்களுக்குத் திறக்க 2022 வரை ஆயிற்று. அதுவும் உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே. 'தகுதியில்லை' என்னும் பழைய பல்லவியை அவர்களும் கேட்க நேர்ந்தது போலும். 2014-ல் காஷ்மீரத்தில் உயிர்துறந்து அசோகசக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் பரங்கிமலைச் சாலையிலிருந்து சென்றவர். அதற்குமுன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பத்திரிகைத் தொழில் பயின்றவர்.

டேராடூன் வாழ்க்கை எத்தகையது? விடியுமுன் எழவேண்டும். உடற்பயிற்சி, கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி, படம் பார்த்து வழிகாணல், யுத்த சரித்திரம், இராணுவச் சட்டம், மாலையில் விளையாட்டு, இரவில் பாடமும் பூட்ஸுக்கு மெருகேற்றலும். ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சைக்கிளில் வரிசையாகச் செல்லல் வேண்டும். நாளெல்லாம் ஓட்டம், உடுப்பு மாற்றுதற்கோ சில நிமிஷமே. பிழைசெய்தவன் மட்டுமன்றி அவன் கூட்டமே தண்டனை பெறுவதுண்டு. குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றுதல் அத்தண்டனைகளுள் ஒன்று. அதற்கெல்லாம் பொதுப்பெயர் 'ரகடா'. இதில் எவ்வளவு பயன், எவ்வளவு வெறுங்கொடுமை என்பது விவாதத்திற்குரியது. ஒருவன் பிழைக்காகப் பலர் வருந்தினால் பலரும் அவ்வொருவனைத் தூக்கிவிடக் கற்பர் என்பது அவர்கள் நியாயம். தூக்கிவிடுவதற்குப் பதில் வெறுக்கவும் கூடுமே என்று எனக்குத் தோன்றுகிறது. முதுகிற் சுமையேற்றிப் பத்ராஜ் மலையுச்சிவரை ஓட்டும் பயிற்சியொன்றும் உண்டு. அங்கே முதலில் உச்சி சேர்ந்தவனுக்கு மட்டும் பெருமையில்லை. கூட்டத்திற் கடைசியானவன் சேரும் நேரமே அக்கூட்டத்தின் நேரம். எங்கள் விடுதி அண்ணன் அன்றிரவு கூறியது இங்கே நினைவுக்கு வருகிறது.

இப்பயிற்சியைப் பெரும்பாலும் நடத்துவோர் ஹவில்தார்களும் சுபேதார்களும். 'உஸ்தாது' என்பது அவர்க்குரிய பெயர். அவர்கள் மாணாக்கனை 'ஸாஹிப்' என்றே விளிப்பர். அம்மரியாதைச் சொல்லோடு சேர்த்தே வைவர். "ஸாஹிப், உங்கள் கால் எங்கே போகிறது?" என்று மைதானம் அதிர அதட்டுவர். மாணாக்கனோ மறுமொழி கூறலாகாது.

ஜூன், டிசம்பர் மாதங்களில் வெளியேற்று அணிவகுப்பு நடைபெறும். பெற்றோர் தொலைவிலிருந்து வந்து அமர்ந்திருப்பர். வாத்தியம் பழைய ஸ்காட்லாந்துப் பிரிவுப் பாட்டொன்றை இசைக்க, இளைஞர் மெல்ல அடிவைத்துச் செட்வுட் மண்டபத்துப் படிகளேறுவர். அங்கே ஒரு படியில் 'அந்திம் பக்' என்று பொறித்திருக்கிறது. இறுதி அடி என்பது பொருள். அதைக் கடந்தவன் மாணாக்கனல்லன். தாயும் தந்தையும் அவன் தோள்களில் நட்சத்திரங்களை அணிவிக்கின்றனர்.

அவ்வளவில், முன்னாள்வரை அவனைக் குட்டிக்கரணம் போடவைத்த ஹவில்தார் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகின்றார். அவர் மீசை நரைத்திருக்கலாம். அவர் மகனுக்கும் இவன் வயதே இருக்கலாம். இவனெதிரே குதிகால் சேர்த்து நிமிர்ந்து நின்று, தாமே முந்திச் சலாம் செய்கின்றார். இவன் கை நடுங்க அதனை ஏற்றுக்கொள்கின்றான்.